சாகவில்லை என்பதாலேயே சிப்பி நலமாக இருப்பதாகாது

"கடலில் தூர்வாரும் பணியால் சிப்பிகளுக்குப் பாதிப்பில்லை, இறப்பு ஏதும் பதிவாகவில்லை" என்ற வரியோடு இன்னுமோர் அறிக்கை அண்மையில் என் மேசைக்கு வந்தது. செத்தவற்றை மட்டும் எண்ணி அறிக்கையை முடிக்கும் இந்தப் பழக்கத்தை எப்போதுதான் விடப்போகிறோம்?

தூர்வாரும்போது கலங்கி எழும் சேற்றைப் பற்றிக் கேட்டால், "சிப்பிக்குச் சேறுதானே சாப்பாடு" என்று மீன்வளம் படித்தவர்களே சொல்கிறார்கள். அதன் உணவு நீரில் மிதக்கும் நுண்பாசியும் கரிமத் துணுக்குகளுமே தவிர, வண்டல் அன்று. செவுள் வடித்தெடுத்த துகள்களை வாயருகே உள்ள உதட்டு மடல்கள் தரம் பிரித்து, வேண்டாதவற்றைச் சளியில் சுருட்டி, வயிற்றுக்குள் விடாமலேயே வெளியே தள்ளிவிடுகின்றன. ஓட்டின் விளிம்பில் சாம்பல் நிற இழையாகத் தொங்கும் அந்தப் போலிக்கழிவைக் கண்டு, நன்றாகத் தின்று செரித்திருக்கிறது என்று மகிழ்வோர் உண்டு. அது தின்னாமல் துப்பியது. ஐரோப்பாவின் நீலச் சிப்பி, லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் துகள் இருந்தாலே துப்பத் தொடங்கிவிடும். சதையாக வேண்டிய ஆற்றல் சளியாகப் போகிறது. லிட்டருக்குச் சில மில்லிகிராம் வண்டல் அதன் வளர்ச்சிக்கு உதவியதாகக் காட்டிய சோதனை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தூர்வாரும் இடத்தை ஒட்டிய கலங்கல் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராமை எட்டக்கூடியது. ஹாங்காங்கில் பச்சைச் சிப்பியை அத்தகைய நீரில் வைத்துப் பார்த்தபோது அது உயிரோடுதான் இருந்தது, செவுளின் குற்றிழைகளோ (நீரையும் துகளையும் நகர்த்தும் நுண்மயிர்கள்) சிதைந்திருந்தன.

கன்னியாகுமரிக் கரையின் பழுப்புச் சிப்பி தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இனப்பெருக்கம் செய்கிறது. அதன் குஞ்சுகள் நூல்விட்டுப் பற்றிக்கொள்ளத் தூய பாறை வேண்டும். வண்டல் மூடிய பாறையில் அந்தப் பிடி நிற்காது. மழைக்காலக் கலங்கல் வந்து தெளிந்துவிடும், சிப்பியும் தேறிவிடும். தேற வேண்டிய அமைதியான மாதங்களிலும் நாமே கடலைக் கலக்கினால் அது எப்போது சதைபிடிக்கும்?

குஞ்சு ஒட்டும் பருவத்தில் பாறைத்திட்டுகளுக்கு அருகே தூர்வாராதீர்கள். வாரிய மண்ணை நீரோட்டத்தின் மேற்புறத்தில் கொட்டாதீர்கள். கயிற்றில் சிப்பி வளர்ப்போர் தயவுசெய்து, நீர் வற்றும் வேளையிலும் கயிற்றின் நுனி தரையைத் தொடாதபடி கட்டுங்கள். படிந்த சேற்றை அவ்வப்போது உதறிவிடுங்கள். ஆய்வாளர்கள் மேல்மட்ட நீரை மட்டும் மொண்டு வராமல், சிப்பி இருக்கும் ஆழத்தில் மாதிரி எடுக்க வேண்டும். இறப்புக் கணக்குக்குப் பக்கத்தில், ஓட்டோடு கூடிய எடையில் வெந்த சதை எத்தனை விழுக்காடு என்பதையும், தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். அதற்கு ஒரு தராசும் ஓர் அடுப்பும் போதும்.