லாக்புக் என்பது பதிவேடு அல்ல

இந்தத் தடைக்காலத்தில் மட்டும் நான்கு தடவை காதில் விழுந்துவிட்டது அந்தச் சொல்: "மின்-பதிவேடு". 'எலெக்ட்ரானிக் லாக்புக்' என்பதற்கு யாரோ செய்த தமிழ். மூன்று தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்காவது தடவை காசிமேட்டில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், இந்த மாதிரிக் கூட்டங்களை எல்லாம் அப்போதுதான் வைப்பார்கள். மற்ற நாட்டு மீன்பிடிப் படகுகள், எங்கே எவ்வளவு மீன் பிடித்தோம் என்று எழுதும் காகித லாக்புக்கை விட்டுவிட்டு எப்படிக் கருவி வழியாகக் கணக்கு அனுப்புகின்றன என்று விளக்கம். கையில் கொடுத்த தமிழ்த் தாளில் தலைப்பே "மீன்பிடி மின்-பதிவேடு: ஓர் அறிமுகம்". உள்ளே ஓரிடத்தில் அதே பொருள் "உள்நுழைவுப் புத்தகம்" என்று வேறு வந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாஞ்சு உரிமையாளர், அறுபதைத் தாண்டியவர், தாளைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னா தம்பி, போட்டைத்தான் பதிவு பண்ணி நம்பர் எழுதியாச்சே. மறுபடியும் இன்னாத்துக்குப் பதிவு?"

அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வியா? இல்லை. தமிழ் தெரிந்த எவரும் கேட்கக்கூடிய கேள்வி. மொழிபெயர்த்தவருக்குத்தான் அது தோன்றவில்லை.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் 'லாக்' என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்க ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கம் கடலில் போடுவார்கள். கட்டை ஏறக்குறைய போட்ட இடத்திலேயே மிதக்கும், கப்பல் நகர நகரக் கயிறு அவிழும். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள். மணல் கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கைவிட்டுப் போயிற்று என்று எண்ணினால் அதுதான் வேகம். 28 நொடிக் கடிகாரத்துக்கு முடிச்சுகளின் இடைவெளி 47 அடி 3 அங்குலம் என்று கணக்கு. புயல் செய்தியில் கேட்கிற 'நாட்' இந்த முடிச்சுதான். மணிக்கு 1 கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். கட்டையால் அளந்ததை எழுதிவைத்த நோட்டு லாக்புக். அப்புறம் காற்று, திசை, ஆழம், விபத்து என்று எல்லாமே அதில் ஏறிக்கொண்டன. கட்டை போய்ப் பெயர் மட்டும் நின்றது. கம்ப்யூட்டரில் 'லாகின்' என்பதும் இந்த நோட்டில் வரவு எழுதும் வழக்கத்திலிருந்து போனதுதான். மேற்படி தாளின் "உள்நுழைவுப் புத்தகம்" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். கடலிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போன சொல்லை, கம்ப்யூட்டரிலிருந்து திரும்பக் கடலுக்கு இழுத்துவந்திருக்கிறார்கள். நம் கட்டுமரத்தை அவர்கள் 'கேட்டமரான்' ஆக்கிக்கொண்டதற்கு இது பழிவாங்கலோ என்னவோ.

சரி, பதிவேட்டுக்கு வருவோம். அந்தச் சொல்மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. நல்ல தமிழ்ச் சொல், அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்துகொண்டும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு, ஆலந்தூரானாலும் அம்பத்தூரானாலும் பிறப்பு இறப்புப் பதிவேடு, பத்திரப் பதிவு, திருமணப் பதிவு. எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை கவனியுங்கள். எழுதுகிறவர் அலுவலகத்து ஆள், எழுதப்படுகிறவர் நாம். வருகைப் பதிவேட்டில் மாணவன் எழுதுவதில்லை, அவன் பெயர் எழுதப்படுகிறது. பதிதல் என்றாலே அழுந்தி நிலைப்பது. ஒரு தடவை பதிந்தால் நிற்கும், மாற்றுவதற்கு மனு போட வேண்டும்.

லாக்புக் அதற்கு நேர் எதிர். எழுதுகிறவர் கடலில் இருக்கிறார். படகை ஓட்டுகிற டிரைவரே எழுதுகிறார். இன்று எங்கே வலை போட்டோம், எத்தனை மணிக்கு இழுத்தோம், என்ன மீன், எத்தனை கிலோ, எதைத் திரும்பக் கடலில் கொட்டினோம். நாளைக்கு வேறு. அடுத்த பயணத்துக்கு வேறு.

இதைவிடப் பெரிய சிக்கல், மீன்பிடித் துறையில் உண்மையிலேயே இன்னொரு பதிவேடு இருப்பது. படகுகளின் பதிவேடு. நம் நாட்டில் அது 'ரியல்கிராஃப்ட்' என்ற இணையதளத்தில் இருக்கிறது. அதாவது அதுவும் மின்-பதிவேடுதான்! ஐரோப்பிய ஒன்றியத்திலும் படகுத் தொகுதிக்குத் தனிப் பதிவேடு, மீன்பிடிக்குத் தனி லாக்புக்; இரண்டும் இரு வேறு பெயர், இரு வேறு சட்டக் கடமை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் விதி எப்படி வரும் தெரியுமா? "பதிவேட்டில் பதிவான படகுகள் தங்கள் பதிவேட்டைத் தினமும் பதிவேற்ற வேண்டும்." இதைப் படித்த டிரைவர் என்ன செய்வார்? தாளில் வடையை மடித்துக்கொண்டு போவார். அன்று இரண்டு பேர் அதைத்தான் செய்தார்கள்.

பதிவேட்டுக்காரர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். லாக்புக் சட்டப்படியான ஆவணம், பொய் எழுதினால் தண்டனை. 'குறிப்பு' என்று சொன்னால் பொழுதுபோகாமல் கிறுக்குவது மாதிரி இலேசாகிவிடும். 'பதிவு' என்றால்தான் கனம் இருக்கும் என்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் காவல் நிலையத்தில் விசாரணை அதிகாரி எழுதுவதற்குப் பெயர் வழக்கு நாட்குறிப்பு. நீதிமன்றம் கேட்டு வாங்கிப் பார்க்கிற ஆவணம் அது. அதை யாரும் இலேசாக நினைப்பதில்லை. அவ்வளவு தூரம் ஏன், சாதகக் குறிப்பு என்கிறோம். அந்த ஒற்றைத் தாளால் நின்றுபோன கல்யாணங்களை ராயபுரத்தில் என் தெருவிலேயே எண்ணிக் காட்டுவேன். சொல்லுக்குக் கனம் சட்டத்திலிருந்து வரும், எழுத்திலிருந்து வராது.

ஆகவே என் கட்சி 'குறிப்பேடு'. பொதுவாகக் கப்பலுக்குப் பயணக் குறிப்பேடு. மீன்பிடிப் படகுக்கு மீன்பாட்டுக் குறிப்பேடு. மீன்பாடு என்ற சொல்லை நான் கட்டவில்லை. "இந்த வாரம் மீன்பாடு இல்ல" என்று கடலோரத்தில் சொல்வதுதான். வலையில் மீன் படுவது பாடு. சுடுவது சூடு ஆனது போல, கெடுவது கேடு ஆனது போல. லாக்புக்கில் எழுதுவது வேறெதையுமல்ல, அந்தப் பாட்டைத்தான். "பிடிப்பு விவரம்", "பிடிபட்ட மீன் அளவு" என்று தாளில் சுற்றி வளைத்ததெல்லாம் இந்த ஒரு சொல் தெரியாததால் வந்த வினை. மீன்பாட்டுக் குறிப்பேடு என்றால் மட்டக்களப்பில் மீன் பாடுகிறதே, அதற்கு சுரம் எழுதிய நோட்டா என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்கட்டும். காசிமேட்டில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், தனித்தமிழ் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. குறிப்பேடு பிடிக்கவில்லையா, லாக்புக் என்றே எழுதுங்கள். அரசு ஜீப் ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும் கிலோமீட்டரும் டீசலும் எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவது லாக்புக்கில்தான். அவருக்கு அது எப்போதோ தமிழாகிவிட்டது. அன்று கூடத்தில் நான் "லாக்புக்" என்று சொன்ன உடனே அந்தப் பெரியவருக்குப் புரிந்தது. "அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார். தப்பான பொருளைத் தருகிற நல்ல தமிழைவிடச் சரியான பொருளைத் தருகிற லாக்புக் எனக்கு மேல்.

'மின்' பற்றி அதிகம் சண்டை போட மாட்டேன். மின்னணு என்பதுதான் எலெக்ட்ரானிக். மின் என்றால் கரண்ட் மட்டும்தான். ஆனால் மின்னஞ்சல் வந்து உட்கார்ந்த பிறகு அந்த வழக்கு தள்ளுபடி. ஏடு என்பது பனையோலை, கருவிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு: அது காகிதத்துக்கே பொருந்தாமல்தான் வந்தது, வந்து பேரேடு, நாளேடு என்று குடும்பமே நடத்துகிறது.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. தாள் முழுக்க 'மின்-பதிவேடும்' 'மின்னணு அறிக்கையிடலும்' ஒன்றுபோல மாறி மாறி வந்தன. இரண்டும் ஒன்றல்ல. எழுதுவது ஒன்று, அனுப்புவது ஒன்று. காகிதக் காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் நடுவில் நேரம் இருந்தது. ஐரோப்பிய விதிப்படி காகிதக் குறிப்பேட்டை மீன் இறக்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் போதும். அங்கே அலுவலகத்தில் ஒருவர் நனைந்த தாளையும் மை ஊறிய எண்ணையும் பார்த்துப் பார்த்துத் திரும்பக் கம்ப்யூட்டரில் அடிப்பார். 1 எது 7 எது என்று அவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 2010 முதல் பெரிய படகுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக, 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவை நாளுக்கு ஒரு தடவையாவது கருவியிலிருந்து அனுப்ப வேண்டும் என்று ஆக்கினார்கள். 2023இல் திருத்திய விதி சிறு படகுகளையும் படிப்படியாக உள்ளே கொண்டுவருகிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் 2021 நவம்பர் 10 முதல் காகிதம் நின்றது. பயணம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் கருவி வழியாகவே அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டில் எந்த மீன் எவ்வளவு தீர்ந்தது என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு இந்த வேகம் அவசியம். டிரைவருக்கோ, எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்துகிற இடைவெளி குறைகிறது. நான் எழுதிவைத்துக்கொள்கிறேனா, அரசாங்கத்துக்குச் சொல்கிறேனா? இது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே முதலாவதற்குக் குறிப்பேடு, இரண்டாவதற்கு 'மின்வழித் தெரிவிப்பு' என்று பிரித்தே எழுத வேண்டும். அறிக்கையிடல் வேண்டாம். 'இடல்' போட்டால் எந்த வினையும் தமிழாகிவிடும் என்ற எண்ணம் யார் கிளப்பியதோ தெரியவில்லை.

என் அப்பா ஒரு லாஞ்சுக்குக் கணக்கு எழுதியவர். நீளமான கோடு போட்ட நோட்டு. டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எத்தனை பார், வஞ்சிரம் என்ன விலைக்கு ஏலம் போனது, ஆளுக்கு எவ்வளவு பங்கு. கரையில் எழுதுவது அது. எந்த இடத்தில் எத்தனை பாகம் (கடல் ஆழத்தை அளக்கும் கணக்கு) ஆழத்தில் மீன் பட்டது என்பது மட்டும் அதில் இருக்காது. அது டிரைவரின் சட்டைப் பையில் வேறொரு சின்ன நோட்டில் இருக்கும், முதலாளிக்கே காட்டமாட்டார். மீன்பிடித் தொழிலில் குறிப்பு என்றால் அவ்வளவு சொந்தச் சொத்து. அதைப் போய்ப் "பதிவேடு" என்று அழைத்தால், பிடுங்கப் போகிறார்கள் என்றுதான் அவர் காதுக்குக் கேட்கும். ஐரோப்பாவுக்கு நம் மீன் போவதற்கு மீன்பாட்டுச் சான்றிதழ் கேட்கிறார்கள், அதுவும் 2010 முதல். எந்தப் படகு, எங்கே பிடித்தது என்று அதில் இருக்க வேண்டும். ஆக, இந்தக் கணக்கு காசிமேட்டைத் தொட்டுவிட்டது. சொல்லையாவது பயமுறுத்தாமல் கொண்டுவரலாம்.

மீன் பெயர்கள் தனிக் கொடுமை. கூட்டத்தில் காட்டிய மாதிரித் திரையில் 'சீலா' என்று இருந்தது. சென்னையில் சீலா என்றால் நீளமான வாயும் பல்லும் உள்ள மீன், தென்கரைக்காரர்கள் ஊழி என்பது. ராமேசுவரம் பக்கத்தில் சீலா என்றால் நம் வஞ்சிரம். ஒரே பொத்தான், இரண்டு மீன், விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். உலக அளவில் ஒவ்வொரு மீனுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு வைத்திருப்பது இதற்காகத்தான். கீழே அந்தக் குறியீடு, மேலே ஊருக்கேற்ற பெயர் என்று வைத்தால் தீர்ந்தது. மொழிபெயர்த்தவர் எந்த ஏலக்கூடத்துக்கும் போயிருக்கமாட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு நாள் காசிமேட்டுக்கு வந்திருந்தால் இருபது மீன் பெயரும் நாலு கெட்ட வார்த்தையும் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

அதே திரையில் கடைசிப் பொத்தான்: "சமர்ப்பி". காலடியில் வைத்துக் கும்பிடுவதற்கு இது என்ன பட்டு வேட்டியா? 'அனுப்பு' என்றால் என்ன குறைந்துவிடும்?

கூட்டம் முடிந்து, தாளில் சிவப்பு மையால் திருத்தி ஏற்பாடு செய்தவரிடம் கொடுத்தேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார், தண்ணீர் பாட்டில்கூடக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் புதிய தாள் வந்தது. சமர்ப்பி அப்படியே இருந்தது. தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள்: "மீன்பாட்டுக் குறிப்பேட்டு மின்-பதிவேடு".