வண்டிப் புகை குறைந்தால் ஓசோன் ஏன் ஏறுகிறது?

2020 ஊரடங்குக் காலத்துச் செய்தி ஒன்றைச் சுட்டிக்காட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சாலைகள் வெறிச்சோடிக் கிடந்த அந்த நாட்களில் பல நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு சரிந்தது, ஆனால் ஓசோன் கூடியது என்று படித்தேன். அப்படியானால் இத்தனை நாளும் வண்டிப் புகைதான் ஓசோனைக் கட்டுக்குள் வைத்திருந்ததா? புகையைக் குறைக்கத் திட்டம் போடுவது வீண் வேலையா?”

முதல் கேள்விக்கு விடை: ஓரளவுக்கு ஆம். இரண்டாவதற்கு: இல்லவே இல்லை. இரண்டு விடைகளும் ஒரே வேதிவினைத் தொடரிலிருந்து பிறப்பவை. அந்தத் தொடர் புரிந்தால், ஓசோனுக்கு எதிரான திட்டத்தை ஒரு நகராட்சி தனியாகப் போட முடியாது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

பள்ளியில் படித்ததை விரைவாகக் கடந்துவிடலாம். உயரத்தில் இருக்கும் ஓசோன் படலம் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. அதே வாயு நாம் மூச்சுவிடும் உயரத்தில் இருந்தால் நுரையீரலின் உட்சுவரை அரிக்கிறது, ஆஸ்துமாவைக் கிளறிவிடுகிறது, சோயா, கோதுமை போன்ற பயிர்களின் விளைச்சலைக் குறைக்கிறது. எந்தப் புகைபோக்கியும் அதை நேரடியாகக் கக்குவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட், கரைப்பான்கள் ஆகியவற்றிலிருந்து வரும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து காற்றிலேயே அதை உண்டாக்குகின்றன.

இப்போது அந்த வினைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நைட்ரஜன் டை ஆக்சைடு செம்பழுப்பு நிற வாயு. உச்சி வெயிலில் அதன் மூலக்கூறு சில நிமிடங்கள்கூடத் தாங்காது; ஒளி பட்டு ஓர் ஆக்சிஜன் அணு பிய்ந்துபோகும். பிய்ந்த அணு அருகிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். மிஞ்சி நிற்பது நைட்ரிக் ஆக்சைடு; வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளில் இதுவும் ஒன்று. அது சும்மா இருப்பதில்லை. ஓர் ஓசோனைப் பிடித்து அதிலிருந்து ஓர் அணுவைப் பறித்துக்கொண்டு மீண்டும் நைட்ரஜன் டை ஆக்சைடாகிவிடுகிறது. காலையில் வாங்கிய கடனை மாலையில் திருப்பிக் கட்டுவது போல வரவும் செலவும் நேராகிவிடுகின்றன. இந்தச் சுற்று மட்டுமே இருந்தால் நகரத்துக் காற்றில் ஓசோன் பெரிதாகச் சேராது.

கணக்கைக் குலைப்பது ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பு, அதாவது இணையில்லாத எலக்ட்ரானோடு எதையும் பிடித்து வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டு (free radical). ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், அவ்வளவுதான். பகல் நேரக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் என்ற அளவில் இது இருக்கும். பெரிய எண்ணாகத் தோன்றலாம். அதே கன சென்டிமீட்டரில் உள்ள மொத்த மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 25 லட்சம் கோடிக்கு ஒன்று. பிறந்தால் ஒரு விநாடிகூட வாழாது. வளிமண்டலத்தில் எது எவ்வளவு காலம் தங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த அற்ப ஆயுள்காரன்தான்.

ஹைட்ராக்சில் ஒரு ஹைட்ரோகார்பனை, அதாவது மேலே சொன்ன கரிமச் சேர்மங்களில் ஒரு வகையை, சந்தித்தால் அதன் ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு நீராகிவிடும். காயம்பட்ட ஹைட்ரோகார்பன் உடனே ஆக்சிஜனை ஒட்டிக்கொண்டு பெராக்சி என்ற இன்னொரு தனி உறுப்பாகும். அது தன் உபரி ஆக்சிஜனை நைட்ரிக் ஆக்சைடிடம் கொடுத்துவிடும். கவனியுங்கள்: நைட்ரிக் ஆக்சைடு மீண்டும் நைட்ரஜன் டை ஆக்சைடாகிவிட்டது, ஆனால் இந்த முறை ஓர் ஓசோனும் செலவாகவில்லை. கடனை வேறு யாரோ கட்டிவிட்டார்கள். வாங்கிய ஓசோன் காற்றிலேயே நின்றுவிட்டது. அதோடு முடியவில்லை. மிச்சம் இருக்கும் துண்டு இன்னொரு ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரோபெராக்சியைத் தருகிறது. அது மற்றொரு நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து மாற்றிவிட்டு, மாற்றும்போதே மறுபடியும் ஹைட்ராக்சிலாக உயிர்த்தெழுகிறது. புறப்பட்ட ஆளே திரும்பி வந்துவிட்டான், இடையில் இரண்டு ஓசோன் பிறந்திருக்கிறது. சுற்று மீண்டும் தொடங்குகிறது.

இந்தச் சுற்றை நிறுத்துவது எது? ஹைட்ராக்சில் ஹைட்ரோகார்பனைச் சந்திப்பதற்கு முன் நைட்ரஜன் டை ஆக்சைடைச் சந்தித்தால் இரண்டும் சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிவிடும். அதோடு ஆட்டம் முடிந்தது. எனவே புகை மண்டிய நகர மையத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு தானே ஓசோன் உற்பத்திக்குத் தடையாகவும் நிற்கிறது. அங்கே வண்டிகள் குறைந்தால் இரண்டு காரியம் நடக்கும். ஓசோனைத் தின்ன நைட்ரிக் ஆக்சைடு குறைவாக இருக்கும். அமிலமாகி மடியாமல் தப்பும் ஹைட்ராக்சில்கள் கூடுதலாகச் சுற்றும். ஓசோன் ஏறும். வாசகர் படித்த செய்தியின் பின்னணி இதுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இதை ஊரடங்குக்குப் பல பத்தாண்டுகள் முன்பே கண்டார்கள். வார இறுதியில் டீசல் லாரிகள் குறையும், நைட்ரஜன் ஆக்சைடுகள் சரியும், ஓசோன் மட்டும் வார நாட்களைவிட உயரும்.

ஆனால் குறைப்பதை அங்கேயே நிறுத்தாமல் தொடர்ந்தால் காட்சி மாறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் மிகவும் அருகிவிட்டால் பெராக்சிகளுக்கு ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அவை ஒன்றோடொன்று மோதிப் பெராக்சைடுகளாகி அடங்கிவிடுகின்றன. அந்த நிலையில் நைட்ரஜன் ஆக்சைடு ஒவ்வொரு பங்கு குறையும்போதும் ஓசோனும் குறையும். ஓர் அச்சில் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மறு அச்சில் கரிமச் சேர்மங்களையும் வைத்து ஓசோன் ஒரே அளவில் உள்ள புள்ளிகளை இணைத்துக் கோடுகள் வரைந்தால் நடுவே ஒரு முகடு கிடைக்கும். முகட்டின் ஒரு பக்கத்தில் நல்லது செய்யும் நடவடிக்கை மறுபக்கத்தில் கெடுதல் செய்யும். முகடு வரை ஏறிவிட்டுத் திட்டத்தைக் கைவிடுவதைப் போன்ற மோசமான முடிவு வேறில்லை. முகட்டைத் தாண்டி இறங்கும் அளவுக்கு ஆழமாகக் குறைக்க வேண்டும். ஏறும் காலத்தில் கரிமச் சேர்மங்களையும் கூடவே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் மனிதர்கள் கற்றுக்கொண்ட கதை அமெரிக்காவில்தான் தொடங்கியது. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸை ஒரு பழுப்பு மூட்டம் சூழ்ந்து கண்களை எரித்தபோது, போர்க்காலமாதலால் எதிரியின் விஷவாயுவோ என்றுகூட மக்கள் அஞ்சினார்கள். பிறகு செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் செய்யும் ஆலை ஒன்றின் மீது பழி விழுந்தது. ஆலையை நிறுத்தியும் மூட்டம் போகவில்லை. விடை தந்தவர் கலிஃபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் அதே முறையில் நகரக் காற்றையும் பிடித்தார். பெரும் அளவு காற்றிலிருந்து கிடைத்தது சில துளி நெடியடிக்கும் பழுப்புத் திரவம். ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு, வெயில் மூன்றும் சேர்ந்தால் ஓசோன் என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். வளைத்துக் கட்டிய ரப்பர் பட்டை ஓசோன் பட்டால் விரிசல் விடும். எத்தனை நிமிடத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை வைத்தே காற்றில் ஓசோன் எவ்வளவு என்று அளந்தார்கள். அளவீட்டுக் கருவி இதைவிட எளிமையாக இருக்க முடியாது.

1955-இல் அங்கே பதிவான உச்சம், பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 0.68 பங்கு. இன்று அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆனாலும் அந்தப் பகுதி இன்னும் ஓசோனுக்கான அமெரிக்க அரசின் தரநிலையை எட்டவில்லை. மிக மோசமான நிலை என்ற வகையில்தான் இருக்கிறது. தரநிலையும் சும்மா நிற்கவில்லை: 1979-இல் ஒரு மணி நேரச் சராசரி 0.12, 1997-இல் எட்டு மணி நேரச் சராசரி 0.08, 2008-இல் 0.075, 2015-இல் 0.070. ஒவ்வொரு கண்காணிப்பு நிலையத்திலும் ஆண்டின் நான்காவது மிக மோசமான நாளை எடுத்து, மூன்று ஆண்டுகளுக்குச் சராசரி போட்டு இந்த எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு நாள் வெயில் கொளுத்தியதற்காக ஊரையே தண்டிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கரிமச் சேர்மங்களைக் குறைப்பது என்ற லாஸ் ஏஞ்சல்ஸின் மருந்தையே மற்ற ஊர்களுக்கும் கொடுத்ததில் பல ஆண்டுகள் வீணாயின. அட்லாண்டாவைச் சுற்றிலும் காடு. ஓக் போன்ற மரங்கள் வெயிலில் ஐசோப்ரீன் என்ற ஹைட்ரோகார்பனை வெளியிடுகின்றன. வெப்பம் ஏற ஏற அளவு கிடுகிடுவென்று உயரும். மனிதர்கள் விடும் கரிமச் சேர்மங்களை எவ்வளவு குறைத்தாலும் மரங்கள் ஈடுகட்டிவிடும் என்பதை 1988-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைத்தே ஆக வேண்டும். 1991-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கையும் இதையே அழுத்திச் சொன்னது. மரங்கள்தான் குற்றவாளி என்று இதைத் திரித்துப் பேசுவோர் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடு இல்லாத காட்டில் ஐசோப்ரீனால் ஓசோனைப் பெருக்க முடியாது. நெருப்பைக் கொண்டுவருவது நாம்.

இனி எல்லைப் பிரச்சினை. இரவில் தரையை ஒட்டிய காற்றில் ஓசோன் அழிந்துவிடும்; மண்ணும் இலையும் புகையும் அதைத் தின்றுவிடும். ஆனால் சில நூறு மீட்டர் உயரத்தில், தரையோடு தொடர்பற்றுப் போன அடுக்கில், நேற்றைய ஓசோன் அப்படியே தேங்கி நிற்கும். அந்த உயரத்தில் இரவுக் காற்று வேகமெடுத்து அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். காலையில் தரை சூடேறிக் காற்று மேலும் கீழும் கலக்கும்போது, வேறோர் ஊரின் நேற்றைய ஓசோன் இந்த ஊர் மக்களின் மூச்சில் இறங்குகிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள ஷெபாய்கன் சிறிய ஊர். சிகாகோ பகுதியின் புகை ஏரியின் மேல் பரவி, குளிர்ந்த நீருக்கு மேலே கலையாமல் நின்று வெயிலில் வெந்து, பிற்பகல் ஏரிக்காற்றோடு அங்கே கரையேறுகிறது. அந்த ஊர் தன் வண்டிகளையெல்லாம் நிறுத்தினாலும் தரநிலையை எட்ட முடியாது.

அதனால்தான் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தம் மெய்ன் முதல் வர்ஜீனியா வரை 12 மாநிலங்களையும் வாஷிங்டன் டி.சி.யையும் சேர்த்து ஓசோன் இடப்பெயர்வு ஆணையத்தை (Ozone Transport Commission) உருவாக்கியது. காற்று வீசும் திசையில் இருக்கும் அண்டை மாநிலத்தின் தரநிலையைக் கெடுக்கக் கூடாது என்ற கடமையும் சட்டத்தில் உண்டு. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளை 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. பின்னர் வந்த புதிய திட்டமொன்றை 2024-இல் நிறுத்தி வைத்தது. மூலக்கூறுகள் வழக்கு முடியும் வரை காத்திருப்பதில்லை என்பதால் இந்த இழுபறி எனக்கு வேதனை தருகிறது.

இன்னொரு வேதனை, ஓசோனைப் பற்றிய மூடநம்பிக்கை. கடற்கரைக் காற்றின் ‘ஓசோன்’ உடம்புக்கு நல்லது என்ற 19-ஆம் நூற்றாண்டு நம்பிக்கை இன்றும் வீட்டுக் காற்றைச் ‘சுத்தப்படுத்தும்’ ஓசோன் இயந்திரமாக விற்பனையாகிறது. வெளியே ஆயிரக்கணக்கான கோடி செலவழித்து விரட்டும் நச்சை, பணம் கொடுத்துப் படுக்கையறைக்குள் வரவழைக்க வேண்டாம். அந்த இயந்திரத்தை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் அணைத்துவிடுங்கள்.

அரசுகளிடம் கேட்க வேண்டியது வேறு. திட்டம் போடுவதற்கு முன் தங்கள் பகுதி முகட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய வேண்டும். கரிமச் சேர்மங்கள் சிதையும்போது ஃபார்மால்டிஹைடு உண்டாகும். அதற்கும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தைச் செயற்கைக்கோளிலிருந்தே பார்க்கலாம். 2020-இல் ஏவப்பட்ட தென் கொரியாவின் ஜெம்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி ஆசியாவின் மேலும், 2023-இல் ஏவப்பட்ட நாசாவின் டெம்போ கருவி வட அமெரிக்காவின் மேலும் பகல் முழுவதும் மணிக்கொரு முறை இவற்றை அளக்கின்றன. ஆனால் செயற்கைக்கோள் காண்பது தரையிலிருந்து வானம் வரையுள்ள மொத்தத்தை. மூக்கின் உயரத்தில் எவ்வளவு, அதில் பெட்ரோல் ஆவி எவ்வளவு, மரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தரையில் கரிமச் சேர்மங்களை ஒவ்வொன்றாக அளக்கும் நிலையங்கள் வேண்டும். அவற்றை நடத்தப் பயிற்சி பெற்ற ஆட்களும், ஆண்டுதோறும் தடையின்றி வரும் நிதியும் வேண்டும். திறப்பு விழா நடத்தக்கூடிய காற்றுச் சுத்திகரிப்புக் கோபுரங்களுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்த நிலையங்களுக்குப் போனால் போதும்.