மழைத் தண்ணீர் வண்டிக்குள் போகும் வழி

துரைசாமி சுரங்கப்பாதையில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றது. ஐப்பசி மாதம், இரவு ஒன்பது மணி இருக்கும். என்னுடைய பழைய 100 சிசி வண்டியை முதல் கியரிலேயே வைத்து, ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்து, ஒருவழியாக தி.நகர் பக்கம் ஏறிவிட்டேன். தண்ணீரைத் தாண்டிவிட்ட நிம்மதியில் வேகம் கூட்டி, அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்தால் பிரேக் இல்லை. பெடல் வழக்கம்போலத்தான் இறங்கியது. வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பயத்தில் இன்னும் அழுத்தினேன். இரண்டு நொடி கழித்துப் பின்சக்கரம் கிரீச்சென்று இறுகி, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதோடு விடவில்லை. உஸ்மான் ரோடு மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் 'டப் டப்' என்று மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. சமதரையில் மெதுவாக ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால் திக்குகிறது.

இரண்டுக்கும் மழைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தண்ணீர் பிரேக்கில் செய்த வேலை வேறு, எஞ்சினில் செய்த வேலை வேறு. அங்கே எண்ணெயாக நடித்தது. இங்கே மின்கம்பியாக நடித்தது.

முதலில் பிரேக். டிரம் பிரேக் என்பது சக்கரத்தின் நடுவே சுற்றும் ஓர் இரும்புக் கிண்ணம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கும். பெடலை மிதித்தால் அவை விரிந்து கிண்ணத்தின் உள்சுவரை அழுத்தும். கிண்ணம் சுற்றுகிறது, அதன் மூடித்தட்டு சுற்றுவதில்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருந்தே தீரும். மழையில் ஓட்டும்போது தெறிக்கும் நீரை அந்த அமைப்பு பெரும்பாலும் தடுத்துவிடும். சக்கரத்தின் அச்சு வரைக்கும் தண்ணீரில் இறக்கினால் தடுக்காது.

உள்ளே போன தண்ணீர் எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் வினையே இருக்கிறது. பொருட்காட்சி மரணக் கிணற்றில் பைக் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். டிரம்முக்குள் தண்ணீரும் அப்படித்தான். 110 மி.மீ. விட்டமுள்ள டிரம், வண்டி 40 கி.மீ. வேகத்தில் போகும்போது, தன் உள்சுவரில் படிந்த நீரைப் புவியீர்ப்பைப் போல் சுமார் 8 மடங்கு விசையில் சுவரோடு வைத்து அழுத்துகிறது. ஷூ வந்து உரச வேண்டிய அதே சுவர்! டிஸ்க் பிரேக்கில், திறந்தவெளியில் சுற்றும் ஒரு தட்டை இரு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிக்கும்; அங்கே கதை தலைகீழ். அங்கேயும் தண்ணீர் வெளிப்பக்கமாகத்தான் வீசப்படுகிறது, ஆனால் வெளிப்பக்கம் சுவர் கிடையாது. 60 கி.மீ. வேகத்தில் டிஸ்க்கின் விளிம்பில் இருக்கும் துளி புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 40 மடங்கு விசையில் பிடுங்கி எறியப்படுகிறது. ஒரே இயற்பியல் ஒரு பிரேக்கைத் துடைக்கிறது, மற்றொன்றை நனைத்து வைக்கிறது.

டிரம்மில் இன்னொரு சிக்கலும் உண்டு. கதவுக்கு அடியில் செருகிய ஆப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கதவைத் தள்ளத் தள்ள ஆப்பு இறுகும். டிரம்மின் இரண்டு ஷூக்களில் ஒன்று அப்படித்தான் பொருத்தப்பட்டிருக்கிறது: சுற்றும் டிரம்மே அதை இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். நம் கால் கொடுக்கும் சின்ன விசையை உராய்வு பெருக்கித் தருகிறது. உலர்ந்த சாலையில் இது வரம். நனைந்ததும் அதுவே வினையாகிறது, ஏனென்றால் பெருக்குவதே உராய்வுதான். டிஸ்க்கில் உராய்வு பாதியானால் பிரேக் பிடிப்பும் பாதியாகும். டிரம்மின் இந்த ஷூவிலோ, பாதிக்கும் கீழே போய்விடும். அப்புறம் ஷூ காயும்போது பிடிப்பு மெதுவாகத் திரும்புவதில்லை, தாவுகிறது. அன்றைக்கு முதலில் பிடிக்காததும், பிறகு பின்சக்கரம் ஒரேயடியாக இறுகியதும் இதனால்தான். பிடிக்கவில்லையே என்று இன்னும் பலமாக மிதித்தது என் தப்பு. தண்ணீர் வெளியேறிய நொடியில் அத்தனை விசையும் மொத்தமாகச் சக்கரத்தில் இறங்கிவிட்டது.

காய வைப்பதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஆளும் சேர்த்து 200 கிலோ, வேகம் 40 கி.மீ. என்றால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 12,000 ஜூல். ஒரு கிராம் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து ஆவியாக்க 2,500 ஜூல் தேவை. ஆக, ஒருமுறை வண்டியை முழுதாக நிறுத்தினால், அந்த வெப்பம் அத்தனையும் தண்ணீருக்கே போனாலும், 5 மி.லி. அளவுதான் ஆவியாகும். உண்மையில் பெரும்பங்கை இரும்பே குடித்துவிடும். அதனால்தான் தண்ணீரைக் கடந்ததும், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, பிரேக்கை லேசாகத் தொட்டபடியே கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டச் சொல்கிறார்கள்.

டிஸ்க் பிரேக்கும் ஆரம்பத்தில் மழையில் நல்ல பேர் வாங்கவில்லை. 1969-இல் ஹோண்டாவின் சிபி 750 முன்சக்கரத்தில் டிஸ்க்கோடு வந்தது. அதன் வழியில் எழுபதுகளில் வந்த ஜப்பானிய வண்டிகளில் துருப்பிடிக்காத எஃகில் பளபளவென்று டிஸ்க் போட்டார்கள். மழையில் லீவரை அழுத்தினால், ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. ஈரத்தில் வார்ப்பிரும்பு இதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒரே இரவில் துருவேறி அசிங்கமாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஹோண்டா, 1981-இல் சிபிஎக்ஸ் 400 எஃப் வண்டியில் வார்ப்பிரும்பு டிஸ்க்கைக் காற்றோட்டமுள்ள ஒரு கூண்டுக்குள் ஒளித்து வைத்துப் பார்த்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடு, கழற்றி மாட்டத்தான் பெரிய வேலை. கடைசியில் ஜெயித்தது எளிய வழி: டிஸ்க்கில் துளைகள், உலோகத் தூளை வெப்பத்தில் இறுக்கிச் செய்த பேடுகள். இப்போதைய டிஸ்க்கில் தாமதம் கொஞ்சமே. 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒன்பது முறை சுற்றுவதால், பேடு தொட்ட மாத்திரத்தில் துடைத்துவிடுகிறது.

ஆனாலும் பிரேக் பிடித்தால் போதாது, டயரும் பிடிக்க வேண்டும். நல்ல உலர்ந்த தாரில் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 18 மீட்டர் ஆகிறது என்றால், ஈரத்தில் பிடிப்பு பாதியாகும்போது 36 மீட்டர் ஆகும். இதோடு பிரேக் அரை நொடி தாமதித்தால் இன்னொரு 8 மீட்டர். நம் மூளை சுதாரிக்கும் நேரத்தில் ஓடும் தூரம் தனிக் கணக்கு. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் இறுகிப்போகாமல் அது பார்த்துக்கொள்ளும், மழையில் அதன் அருமை தெரியும். இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

எஞ்சினுக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 0.7 மி.மீ. சாதாரணக் காற்றில் ஒரு மி.மீ. இடைவெளியைப் பொறி தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். ஆனால் பிளக் வேலை செய்வது சாதாரணக் காற்றில் இல்லை. பிஸ்டன் மேலே வந்து, பெட்ரோல் கலந்த காற்றை நசுக்கி வைத்திருக்கும் இடத்தில். அடர்த்தி கூடிய வாயுவைத் துளைப்பது கஷ்டம், அங்கே 10,000 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். ஆக்சிலேட்டரைத் திருகத் திருக உள்ளே வரும் கலவை கூடும், நசுங்கும்போது அழுத்தம் கூடும், கேட்கும் வோல்ட்டும் கூடும்.

வோல்ட்டைக் கூட்டித் தரும் காயிலிலிருந்து வரும் மின்சாரத்துக்கு உள்ளே இப்படி ஒரு கடினமான பாதை. வெளியே பிளக்கின் வெள்ளைப் பீங்கான் இருக்கிறது. அது ஈரமில்லாமல் சுத்தமாக இருக்கும்வரை அந்தப் பக்கம் வழியே கிடையாது. பீங்கானில் வளையம் வளையமாக மடிப்பு வைத்திருப்பதுகூட மேற்பரப்பின் தூரத்தை நீட்டத்தான். சுத்தமான மழைநீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் பீங்கான் மேல் மாதக்கணக்கில் படிந்த புழுதியும், சாலைத் தண்ணீரில் கரைந்த உப்பும் சேர்ந்தால், அந்தக் கரைசல் ஒரு மெல்லிய கம்பி மாதிரி ஆகிவிடுகிறது. அதுவும் வெளியே இருப்பது சாதாரண வளிமண்டலக் காற்று. மின்சாரம் எது சுலபமோ அந்த வழியில் போகும். மெதுவாக ஓட்டும்போது உள்வழி சுலபம், பொறி உள்ளே விழுகிறது. மேம்பாலத்தில் திருகும்போது உள்வழி கடினமாகிறது, பொறி வெளியே பீங்கானைத் தழுவிக்கொண்டு எஞ்சின் உடம்பில் இறங்கிவிடுகிறது. உள்ளே வந்த கலவை எரியாமலே சைலன்சருக்குப் போகிறது. ஏற்றத்தில் மட்டும் திக்கியதற்குக் காரணம் இதுதான்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினார். பிளக் கேப்பின் விளிம்பில் நீல நிறத்தில் மெல்லிய நூல்கள் ஓடின. "பாத்தியா தம்பி, கரண்டு வெளியில அடிக்குது" என்றார். கேப்பின் ரப்பர் வெடித்திருந்தது. அதைவிட முக்கியமானதை அப்புறம்தான் காட்டினார். பல எஞ்சின்களில் பிளக் ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் வடிய எஞ்சின் தலையின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை உண்டு. என் வண்டியில் அது சேற்றால் அடைபட்டிருந்தது. சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டு ஆட்டியதும், காய்ந்த மண் உதிர்ந்து, பின்னாலேயே கலங்கல் தண்ணீர் கொட்டியது. ஆறு வருடம் ஓட்டிய வண்டியில் அப்படியொரு துளை இருப்பதே அன்றுதான் தெரியும்.

இதே மாதிரி மறைந்த வடிகால் பெட்ரோல் டேங்க்கின் மூடியைச் சுற்றியும் இருக்கிறது. அது அடைத்தால் மழைநீர் டேங்க்குக்குள் இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய் உட்காரும்; எஞ்சினுக்கு எரிபொருள் போவதும் அடியிலிருந்துதான். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும், அதுவரை வாகனத்துக்கு ஒன்றும் ஆகாது. அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு, தண்ணீரோடு சேர்ந்து தனி அடுக்காக அடியில் இறங்கிவிடும். அந்த அடுக்கு எஞ்சினுக்குள் போனால் வண்டி நின்றுவிடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் பெரும்பாலும் போய், எரிபொருளை அளந்து பீய்ச்சும் மின்னணுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பல சென்சார்கள் வேலை செய்வது 5 வோல்ட்டில். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஒரு சென்சார் வோல்ட் அளவாகச் சொல்லும். ஒயர்களை இணைக்கும் செருகியான கப்ளருக்குள் இரண்டு ஊசிகளுக்கு நடுவே அழுக்குத் தண்ணீர் இருந்தால் அந்த அளவு கொஞ்சம் நகரும். கணினி அதை நம்பித் தப்பான அளவு பெட்ரோலைக் கொடுக்கும், இல்லையென்றால் சந்தேகப்பட்டு எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு எஞ்சினைத் தடுமாற விடும்.

ரப்பர் போட்டு மூடிய கப்ளருக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? உறிஞ்சப்பட்டுத்தான். எஞ்சின் பக்கத்தில் 80 டிகிரி வரை சூடான கப்ளர், சுரங்கப்பாதைத் தண்ணீரில் முங்கிச் சட்டென்று 28 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, தளர்ந்த ரப்பரின் ஓரம் வழியாகத் தண்ணீர் இழுக்கப்படும். சூடான வண்டியை வாட்டர் சர்வீஸில் நிறுத்தி உடனே பம்ப் அடிப்பதும் இதே சோதனைதான், மழையைவிட மோசமாக. எனக்கு அந்த வேக நீர்ப் பீய்ச்சலைக் கண்டாலே ஆகாது.

ஓடும் வண்டியில் எஞ்சின் திடீரென்று அணைந்தால் அதுவும் ஒரு பிரேக்தான். அணைந்த எஞ்சினைப் பின்சக்கரம் இழுத்துச் சுற்ற வேண்டியிருக்கும். ஈரச் சாலையில், குறைந்த கியரில், சக்கரம் வழுக்க அது போதும். உடனே கிளட்ச்சைப் பிடித்துவிட வேண்டும். இதற்கு நேர்மாறான பிசகும் உண்டு. ஆக்சிலேட்டர் கேபிளின் உறைக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால், கையை விட்டாலும் ஆக்சிலேட்டர் திரும்பாது. அப்போது கிளட்ச்சோடு, எஞ்சினை அணைக்கும் சிவப்பு கில் ஸ்விட்ச்சும் வேண்டும்.

கடைசியாக, அந்த இரவு எனக்கு நடக்காமல் தப்பிய ஒன்று. சைலன்சர் முங்கினால் வண்டி போச்சு என்று பலர் பயப்படுகிறார்கள். 30 செ.மீ. ஆழத் தண்ணீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் மூன்று பங்குதான். ஓடும் எஞ்சினின் புகை அதைச் சுலபமாகத் தள்ளிவிடும். பயப்பட வேண்டியது, எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் ஏர் ஃபில்டர் முங்குவதற்கு. 100 சிசி எஞ்சின், நசுக்கும் விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 11 மி.லி. இரண்டு தேக்கரண்டித் தண்ணீர். அதற்கு மேல் உள்ளே இருந்தால், தண்ணீர் நசுங்காது, பிஸ்டன் நின்றுவிடும், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் அணைந்துபோன வண்டியில் செல்ஃபை அமுக்கி அமுக்கிப் பார்ப்பதன் விலை இது. சாவியை அணைத்து, வண்டியை மேட்டுக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை நிதானமாக மிதித்தால், உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியே பீய்ச்சி அடிக்கும். அது நின்றபிறகு எஞ்சின் ஆயிலையும் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.