கம்பியில் மோதாமல் கற்றையை வெளியே எடுப்பது எப்படி?

துகள் முடுக்கி என்றாலே புரோட்டான் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் பேச்சாக இருக்கிறது. வேகமெடுத்த புரோட்டானை வளையத்திலிருந்து சேதாரமில்லாமல் வெளியே எடுப்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய சவாலாகப் படுகிறது.

வளையத்தில் ஓடும் மொத்தப் புரோட்டான் கூட்டமும், அதாவது மொத்தக் கற்றையும், ஒரேயடியாக வேண்டுமென்றால் கிக்கர் காந்தத்தைச் சட்டென இயக்கித் தள்ளிவிடலாம். ஆனால் பல சோதனைகளுக்குப் புரோட்டான்கள் கொஞ்சம் கொஞ்சமாக, சீராக வந்தாக வேண்டும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள எஸ்.பி.எஸ். முடுக்கியின் சுற்றளவு சுமார் 7 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு 23 மைக்ரோ நொடிதான் ஆகும். அந்தக் கற்றையை 4.8 நொடிக்கு நீட்டி வெளியே விடுகிறார்கள். அதாவது கிட்டத்தட்ட 2 லட்சம் சுற்றுகள்!

புரோட்டான் பக்கவாட்டில் அலைந்தபடியேதான் ஓடும். ஒரு சுற்றில் எத்தனை முறை அலைகிறது என்ற எண்ணின் பின்னப்பகுதியை மூன்றில் இரண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால், மூன்று சுற்றுக்கு ஒருமுறை அது ஏறக்குறைய அதே நிலையில் அறுமுனைக் காந்தத்தை (ஆறு முனைகள் கொண்ட காந்தம்) கடந்து, ஒவ்வொரு முறையும் அதனிடம் ஒரு தள்ளு வாங்கும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது மாதிரி அலைவு பெருகிக்கொண்டே போகும். கடைசியில் மூன்று சுற்றுக்குள் பத்து மில்லிமீட்டர் அளவுக்குத் தாவிவிடும்.

தாவும் இடத்தில் மின்புல செப்டம் என்ற மெல்லிய தடுப்பு இருக்கிறது: டங்ஸ்டன் கலவைக் கம்பிகளின் வரிசை, ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் அளவே தடிமன். கம்பிக்கு இந்தப் பக்கம் மின்புலம் கிடையாது. அந்தப் பக்கம் சுமார் 2 லட்சம் வோல்ட். தாண்டிப் போனவை வெளியேறும் பாதைக்குத் திரும்பும். சரி, கம்பியிலேயே மோதியவை? கம்பி வரிசையின் தடிமனைத் தாவும் தூரத்தால் வகுத்தால் வீணாகும் பங்கு தெரிந்துவிடும்: ஒன்றிரண்டு சதவீதம். ஒரு தடவைக்குப் பத்து லட்சம் கோடிக்கும் மேல் புரோட்டான்கள் வருவதால் இது சின்ன விஷயமே அல்ல. சுற்றியுள்ள கருவிகள் கதிரியக்கம் ஏறிக் கிடக்கும். பழுதுபார்க்க ஆள் உள்ளே போகக் காத்திருக்க வேண்டும். கம்பியை இன்னும் மெலிதாக்கினாலும் பெரிய பலன் இல்லை. பல மீட்டர் நீள வரிசை துளி கோணினாலே தடிமன் கூடிய மாதிரிதான்.

2018இல் வேறு வழியைச் சோதித்தார்கள். செப்டத்துக்கு முன்னால் வளைந்த சிலிக்கான் படிகம் ஒன்றை வைத்தார்கள். கம்பியை நோக்கி வரும் புரோட்டான், படிகத்தின் அணுத் தளங்களுக்கு நடுவே சிக்கி, அந்த வளைவோடு திரும்பிக் கம்பியைத் தவிர்த்துவிடும். இழப்பு சுமார் 40 சதவீதம் குறைந்தது. அற்புதமான யோசனை!

ஆனால் புரோட்டான் நுழையும் கோணம் ஏறத்தாழ 10 மைக்ரோ ரேடியனுக்குள் இருந்தாக வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் விலகல்தான் அனுமதி. புரோட்டான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மூன்றில் இரண்டு பின்னத்துக்குக் கொண்டுவர, பழைய முறையில் சில காந்தங்களின் வலிமையை மட்டும் மாற்றுவார்கள். கற்றை வெளியேற வெளியேற இந்தக் கோணம் நகர்ந்துகொண்டே போகும். அதனால் இப்போது சில காந்தங்களை மட்டும் மாற்றாமல், வளையத்தின் காந்தங்கள் அனைத்தின் வலிமையையும் ஒரே விகிதத்தில் மாற்றுகிறார்கள். அப்போது முதல் புரோட்டானும் கடைசிப் புரோட்டானும் ஒரே கோணத்தில் வருகின்றன; படிகத்தை ஒருமுறை சரிசெய்தால் போதும்.