சினை மாட்டின் சிறு காய்ச்சலும் கருவிலேயே நோய் தொற்றிய கன்றும்

வளர்ச்சி குன்றிய ஒரு கன்றைக் காட்டி, "குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று, சத்து மருந்தும் கொடுத்தாயிற்று, என்ன செய்தும் தேறவில்லை" என்று பண்ணையாளர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அச்சமாக இருக்கிறது. அண்மையில் நான் பார்த்த அப்படிப்பட்ட கன்றுக்குப் பத்து மாத வயது. ஆனால் அதே தொழுவத்தின் ஆறு மாதக் கன்றுகளைவிட அது சிறியதாக இருந்தது. வாயைத் திறந்து பார்த்தபோது ஈறுகளிலும் அண்ணத்திலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. ரத்தமும் சளியும் கலந்த கழிச்சல் வாலிலும் பின்னங்கால்களிலும் அப்பியிருந்தது. ஆய்வக முடிவு வருமுன்பே அது இறந்துவிட்டது. மாடுகளின் நச்சுயிரி (வைரஸ்) கழிச்சல் நோய், அதாவது நாங்கள் பி.வி.டி. என்று சொல்வது, அதற்குப் பிறவியிலேயே இருந்திருக்கிறது.

"தாய் மாடு ஒரு நாள்கூடப் படுக்கவில்லையே, கன்றுக்கு மட்டும் எப்படி வந்தது?" என்பதுதான் அங்கும் கேட்கப்பட்ட கேள்வி. இந்த நோய் வளர்ந்த மாட்டைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. இரண்டொரு நாள் காய்ச்சல், கொஞ்சம் மூக்கொழுகல், பால் சற்றுக் குறைதல் என்று யாரும் கவனிக்காமலே கடந்துபோய்விடும். தாய் தேறிவிட்டது உண்மைதான். ஆனால் அதன் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும், அதற்குள் நச்சுயிரி ரத்தத்தின் வழியே கருவை அடைந்துவிடுகிறது. தாய் பின்னர் பெறும் எதிர்ப்பாற்றல் கருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புவதும் தவறு. மாட்டின் நஞ்சுக்கொடி நச்சுயிரியைக் கடக்க விடுகிறதே தவிர, தாயின் எதிர்ப்பொருள்களைக் கடக்க விடுவதில்லை. அவை கன்று பிறந்தபின் சீம்பால் வழியாகத்தான் கிடைக்கின்றன. சினைக்கு முன்பே பெற்ற எதிர்ப்பாற்றல் கருவைக் காக்கும், சினைக்காலத்தில் நோய் தொற்றிப் பெற்ற எதிர்ப்பாற்றல் அந்தக் கருவைக் காக்காது என்ற வேறுபாட்டை மட்டும் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் தொற்றியது என்பதே கன்றின் கதியைத் தீர்மானிக்கிறது. சினையின் தொடக்க வாரங்களில் தொற்றினால் கரு அழிந்து, மாடு மீண்டும் பருவத்துக்கு வரும். பண்ணையாளர் உறைவிந்தையும் சினை ஊசி போட்டவரையும் குறை சொல்வார். நான்காம், ஐந்தாம் மாதங்களில் தொற்றினால் பார்வையின்றியோ, சிறுமூளை வளராமல் நிற்கத் தள்ளாடியோ கன்று பிறக்கலாம். அதற்குப் பின் தொற்றினால் பல கன்றுகள் தாமே எதிர்த்து நின்று நலமாகப் பிறக்கின்றன. கன்று வீச்சு, அதாவது கருச்சிதைவு, எந்த மாதத்திலும் நேரலாம். இவற்றையெல்லாம்விட மோசமானது ஏறத்தாழ 40 முதல் 120 நாள் வரையிலான சினையில் தொற்றுவதுதான். அப்போது கருவின் நோய் எதிர்ப்பு அமைப்பு முதிர்ந்திருக்காது. அது நச்சுயிரியைத் தன் உடலின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. பிறக்கும் கன்று வாழ்நாள் முழுவதும் எச்சில், மூக்குநீர், சாணம், சிறுநீர் என அனைத்திலும் நச்சுயிரியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சில கன்றுகள் மெலிந்து நிற்கும். சிலவோ கொழுகொழுவென்று வளர்ந்து சினையும் பிடிக்கும், அத்தகைய கிடேரி ஈனும் ஒவ்வொரு கன்றும் அதே நோயுடன்தான் பிறக்கும்.

இப்படிப் பிறந்த கன்றுக்கு மருந்து இல்லை. தடுப்பூசி போட்டால் சரியாகிவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். எதிர்ப்பொருள் பரிசோதனையில் நோய் இல்லை என்று முடிவு வந்ததைக் காட்டி நிம்மதி அடையவும் வேண்டாம். தன் நச்சுயிரியை எதிர்க்கவே தெரியாத கன்றின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் எங்கிருந்து வரும்? நச்சுயிரியையே தேடும் பரிசோதனைதான் தேவை. சீம்பால் குடித்த இளங்கன்றில் ரத்தப் பரிசோதனை ஏமாற்றக்கூடும் என்பதால், காது மடலிலிருந்து எடுக்கும் சிறு தோல் துணுக்கே நல்லது. நச்சுயிரி தென்பட்டால் குறைந்தது மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். கன்றில் நச்சுயிரி இல்லையென்றால் தாயும் வாழ்நாள் நோயாளி அல்ல என்பது அந்த ஒரே பரிசோதனையில் தெரிந்துவிடுகிறது. கன்றில் இருந்தால் தாயையும் பரிசோதியுங்கள். தாயிடம் இல்லையெனில் அவசரப்பட்டு அதைக் கழிக்காதீர்கள், அதன் அடுத்த கன்று பெரும்பாலும் நலமாகவே பிறக்கும்.

சினை மாட்டை விலைக்கு வாங்குகிறவர்கள் தாயை மட்டும் பரிசோதித்துவிட்டு மந்தையில் சேர்த்துவிடுகிறார்கள். வயிற்றில் இருப்பதை அந்தப் பரிசோதனை காட்டாது. ஈன்று, கன்றின் முடிவு வரும்வரை அதைத் தனியே கட்டுங்கள். தடுப்பூசியைக் கருவூட்டலுக்கு முன்பே போட்டுவிடுங்கள். உயிருள்ள நச்சுயிரியால் ஆன தடுப்பூசியைச் சினை மாட்டுக்கு மருத்துவர் சொல்லாமல் போடவே கூடாது. சினைப் பரிசோதனை செய்யும் சக பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை: மாட்டுக்கு மாடு கையுறையையும் ஊசியையும் மாற்றுங்கள், இந்த நச்சுயிரி அவற்றிலும் பயணம் செய்கிறது.

நோய் உறுதியான கன்றைச் சந்தைக்கு அனுப்பி இன்னொருவர் தொழுவத்தில் கட்டிவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கன்று வீசினால், விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், புதைப்பதற்கு முன் மாதிரி எடுக்கக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.