சதவீதக் குறியால் அத்தியாயங்களை முடக்காதீர்கள்

சமர்ப்பிக்கும் தேதி நெருங்கிவிட்ட, லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதிய இன்னோர் ஆய்வேடு இந்த வாரம் என்னிடம் வந்தது. பாதிப் படங்களுக்குத் தவறான எண். மூலக் கோப்பைத் திறந்தால், லேபிளை (எண்ணை லேடெக்கே நிரப்பும்படி படத்துக்கு வைக்கும் பெயர்) சுட்ட வேண்டிய இடங்களிலெல்லாம் எண்களைக் கையால் தட்டச்சு செய்திருந்தார் மாணவர். 'எண் வர வேண்டிய இடத்தில் இரட்டைக் கேள்விக்குறியாகவே வந்தது, வேறு வழி தெரியவில்லை' என்றார். வழி இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

லேடெக்கில் ஆவணம் பெரிதாகப் பெரிதாகத் அதைத் தொகுக்க, அதாவது மூலக் கோப்பிலிருந்து பிடிஎஃப் உருவாக்க, நேரமாகும். உடனே எழுதி முடித்த அத்தியாயங்களின் இன்க்ளூட் வரிகளுக்கு (தனிக் கோப்பிலுள்ள அத்தியாயத்தை முதன்மைக் கோப்பில் சேர்ப்பவை) முன்னால் சதவீதக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். அத்தியாயம் தற்காலிகமாக ஒதுங்கி நிற்கிறது என்று நம்புகிறார்கள். அது ஒதுங்கி நிற்கவில்லை. சதவீதக் குறிக்குப் பின் உள்ளதை லேடெக் கண்டுகொள்வதே இல்லை. அதைப் பொறுத்தவரை அப்படியோர் அத்தியாயம் நூலில் கிடையாது. முதல் நான்கையும் முடக்கினால் ஐந்தாவது அத்தியாயம் 1 என்றுதான் எண் பெறும். முடக்கியவற்றைச் சுட்டும் இடங்களில் கேள்விக்குறிகள்தான் வரும். இது மென்பொருளின் பிழை அல்ல, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

1980களில் லேடெக்கை உருவாக்கிய லெஸ்லி லாம்போர்ட் இதற்கென்றே தந்த கட்டளை இன்க்ளூட்ஒன்லி. ஆவணம் தொடங்கும் முன், இப்போது வேண்டிய கோப்புகளின் பெயர்களை மட்டும் அதில் காற்புள்ளியிட்டுக் கொடுங்கள். இன்க்ளூட் வரிகளில் கை வைக்காதீர்கள். விட்டுப்போன அத்தியாயங்கள் அச்சாகாது. ஆனால் எண்களையும் லேபிள்களையும் லேடெக் குறித்துவைக்கும் அவற்றின் ஆக்ஸ் கோப்புகள் படிக்கப்படும். அதனால் அத்தியாய எண், பக்க எண், லேபிள் எல்லாம் முந்தைய தொகுப்பில் இருந்தபடியே நிற்கும். முழு ஆவணத்தையும் ஒருமுறையாவது முன்பே தொகுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக்ஸ் கோப்புகளைக் குப்பை என்று அழித்துவிட்டு என்னிடம் வருகிறவர்களும் உண்டு.

இன்புட் கட்டளையால் சேர்த்த கோப்புகளை இன்க்ளூட்ஒன்லி கட்டுப்படுத்தாது. அத்தியாயத்துக்கு இன்க்ளூட், அதற்குள் வரும் பெரிய அட்டவணைக்கு இன்புட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இன்க்ளூட்டுக்குள் இன்க்ளூட் செல்லாது. இன்க்ளூட் செய்த கோப்பு புதுப் பக்கத்தில் தொடங்கும். படங்களின் பாதையை முதன்மைக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து எழுதுங்கள், அத்தியாயக் கோப்பிலிருந்து அல்ல. கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து கலந்த பெயரும் வேண்டாம்: விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் பொறுக்காது. ஒரே லேபிளை இரண்டு அத்தியாயங்களில் வைக்காதீர்கள். ஒருமுறை தொகுத்துவிட்டுக் கேள்விக்குறியைக் கண்டு பதறவும் வேண்டாம். லேபிள்கள் அடுத்த ஓட்டத்தில்தான் படிக்கப்படும். எத்தனை முறை ஓட்டுவது, நூற்பட்டியலைத் தயாரிக்கும் பைபரை எப்போது ஓட்டுவது என்பதை லேடெக்எம்கே என்ற துணைநிரல் பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஓர் அத்தியாயம் நீண்டால், விட்டுவைத்த மற்றவற்றின் பக்க எண்கள் பழையவையாகவே இருக்கும். அனுப்பும் முன் இன்க்ளூட்ஒன்லி வரியை நீக்கி, முழுவதையும் தொகுத்து, பிடிஎஃப் கோப்பில் இரட்டைக் கேள்விக்குறியைத் தேடிப் பாருங்கள். ஒன்று கிடைத்தாலும் அங்கே எண்ணைத் தட்டச்சு செய்யாதீர்கள், லேபிளைத் திருத்துங்கள்.