பழைய அலமாரிக்குச் சாம்பிராணி போடாதீங்க

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அக்கா, பழைய சாமான் கடையில் வாங்கிய தேக்கு அலமாரியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். மகளுக்குப் பிரசவமாகி 20 நாள், பேத்தி துணி வைக்க வாங்கியதாம். "அண்ணாச்சி, நாலு நாளா சாம்பிராணி போட்டுப் பாத்துட்டேன், வாடை போகவே மாட்டேங்கு" என்றார். இந்த மாதத்தில் இப்படி வந்த நாலாவது அலமாரி இது.

கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, பாச்சை உருண்டை. அதற்கு மேல் சாம்பிராணிப் புகை, அதற்கும் மேல் யாரோ சொன்னார்கள் என்று ஒரு கோட்டு வார்னிஷ், அதுவும் வெளிப்பக்கம் மட்டும்.

எத்தனை பேரிடம்தான் சொல்வது? வாடை வெளிப்பக்கத்தில் இல்லை. பாலிஷ் ஏறிய முகப்பு அவ்வளவாக எதையும் குடிக்காது. குடிப்பதெல்லாம் உள்ளே இருக்கிற வெறும் பலகைதான், பின்பலகை, தட்டுகளின் அடிப்பக்கம், இழுப்பறையின் அடி. இழுப்பறையை முழுசாக உருவி, தலைகீழாகக் கவிழ்த்து மூக்கை வைத்துப் பாருங்கள். இந்த அலமாரியில் அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை, விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. எலி மூத்திரம். இதற்குப் போய் ஊதுபத்தி, செண்டு, கற்பூரம் என்று எதைக் காட்டினாலும் அந்தப் பலகை அதையும் சேர்த்துக் குடித்துவைத்து, தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கியதும் எல்லாவற்றையும் மொத்தமாகக் கக்கும்.

பாச்சை உருண்டையை லேசாக நினைக்காதீர்கள். அது பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சைக் குழந்தைக்கு, அந்த வாடை ஏறிய துணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று பார்த்தால் தெரியாது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். இழுப்பறை, தட்டு எல்லாவற்றையும் கழற்றி நிழலில், நல்ல காற்றில் வையுங்கள். உச்சி வெயிலில் போட்டால் பலகை வளையும், மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, அதாவது வெனீர், தூக்கிக்கொள்ளும். பூஞ்சை, எலிப் புழுக்கை இருந்தால் முகமூடி, கையுறை போட்டு ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், தயவுசெய்து காய்ந்தபடி பெருக்காதீர்கள். மூத்திரக் கறைமேல் பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது, நெஞ்சை அடைக்கிற வாயு கிளம்பும். காய்ந்த பிறகு உள்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு தட்டில் ஆப்ப சோடா வைத்து சில வாரம் விடுங்கள். அப்புறமும் வாடை மிச்சம் இருந்தால், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் உள்பக்கம் முழுக்க இரண்டு கோட்டு. அடுப்பு, விளக்கு பக்கத்தில் அந்த வேலை வேண்டாம். ஈரம் இருக்கும்போதே பாலிஷ் அடித்தால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும், அதைத்தான் பாதிப் பேர் செய்கிறார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிய சாமான்களும் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கால் பக்கம் தண்ணீர்க் கோடு தெரிந்து, பலகை மரத்தூள் அட்டையாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். அது எங்கள் கையாலும் தேறாது.

அக்காவின் அலமாரி கதவு திறந்தபடி பட்டறைத் தாழ்வாரத்தில் நிற்கிறது. வாடை போகும்வரைக்கும் பேத்தி துணி கொடியிலேயே கிடக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.